பேஸுக்கு ட்ரெமலோ பெடல்: லோ எண்ட் காணாமல் போகாமல் எதை எடுப்பது?

கீழ்பி_கம்பி

வணக்கம் நண்பர்களே. பேஸ் கிட்டாருக்கு ஒரு ட்ரெமலோ பெடல் எடுக்க வேண்டும். சுருதி ஆடுகிற வைப்ரேட்டோ இல்லை, சத்தம் ஏறி இறங்குகிற ட்ரெமலோ.

இப்போதைய செட்டப்: ஆக்டிவ் ப்ரீஆம்ப் உள்ள ஐந்து கம்பி பேஸ், ட்யூனர், லேசான ஓவர்டிரைவ், கம்ப்ரஸர், அப்புறம் 300 வாட் ஆம்ப், ட்வீட்டர் உள்ள 4×10 கேபினெட். எல்லாப் பெடலுக்கும் ஒரே 9 வோல்ட் அடாப்டர்தான். அதிலிருந்து ஒரே சரமாக வயர் இழுத்திருக்கிறது.

தேவை இரண்டு. மெதுவான பாட்டில் நாலு எண்ணிக்கைக்குப் பிடித்து நிறுத்தும் சுரம் மூச்சு விடுவதுபோல் அசைய வேண்டும். இன்னொரு பாட்டு 120 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 120 அடி. அதில் அடிக்கு இரண்டு துடிப்பாக வெட்டி வெட்டி வர வேண்டும்.

மூன்று நாப் உள்ள கிட்டார் ட்ரெமலோ ஒன்றை ஓவர்டிரைவுக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவில் மாட்டிப் பார்த்தால், ஆன் செய்த உடனே பேஸ் நாலடி பின்னால் போய் நின்றுகொள்கிறது. டெப்த்தை, அதாவது ஆட்டத்தின் ஆழத்தைக் கூட்டினால் கீழ்ச்சுரம் மாயம், குறைத்தால் எஃபெக்ட் இருப்பதே தெரியவில்லை. வேகத்தைப் பாட்டோடு பொருத்தி வைத்தாலும் ஐந்தாறு பாருக்குள் தாளத்தைவிட்டு நழுவிவிடுகிறது. வாசிக்காமல் நிற்கும்போது சன்னமாக ஒரு 'டிக் டிக்' வேறு.

இதில் பெடலின் குறை எவ்வளவு, மாட்டிய விதத்தின் குறை எவ்வளவு? ஒளியால் ஆட்டும் ஆப்டிகலா, வோல்ட்டேஜால் ஆட்டும் விசிஏவா? டேப் டெம்போ, அதாவது காலால் தட்டி வேகம் வைக்கும் வசதி, கட்டாயமா? மாடல் பெயரோடு சொன்னால் நல்லது.


விரல்நுனி

பாதி பெடல், பாதி மாட்டிய விதம். முதலில் காசு செலவில்லாததைச் சரி செய்யுங்கள்.

கம்ப்ரஸரை ட்ரெமலோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறீர்கள். ட்ரெமலோ பள்ளம் தோண்டுகிறது, கம்ப்ரஸர் கூடவே வந்து மூடுகிறது. 4:1 விகிதத்தில், த்ரெஷோல்டுக்கு (கம்ப்ரஸர் அமுக்கத் தொடங்கும் அளவுக்கு) மேலேயே நடக்கிற 12 டெசிபல் ஏற்ற இறக்கம் கம்ப்ரஸரைத் தாண்டும்போது 3 டெசிபல்தான். டெப்த்தைக் குறைத்தால் எஃபெக்ட் தெரியாமல் போவதற்கு இதுதான் முதல் காரணம். வரிசை இப்படி இருக்கட்டும்: ட்யூனர், கம்ப்ரஸர், ஓவர்டிரைவ், ட்ரெமலோ, ஆம்ப். ஆம்பிலேயே லிமிட்டர் சுவிட்ச் இருந்தால் அதையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள்; பெடலைக் குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியது அது. ஓவர்டிரைவுக்கு முன்னால் ட்ரெமலோ வைப்பது தப்பில்லை, ஆனால் அது வேறு சத்தம்: மேடு வரும்போது கரகரப்பு, பள்ளத்தில் சுத்தம், வால்யூம் வித்தியாசம் கொஞ்சம்தான். நீங்கள் கேட்கும் வெட்டு அதில் வராது.

அடுத்தது வால்யூம். அலை முழு ஆழத்தில், சைன் வடிவில் ஆடினால் சிக்னலின் சராசரிப் பவர் எட்டில் மூன்று பங்குதான் மிஞ்சும். அதாவது 4.3 டெசிபல் இழப்பு. பாதி நேரம் திறப்பு, பாதி நேரம் அடைப்பு என்கிற சதுர அலைக்கு 3 டெசிபல். பெடலில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே பேஸ் பின்னால் போகிற மாதிரித்தான் கேட்கும். ஆகவே பேஸுக்கு வாங்கும் ட்ரெமலோவில் தனி வால்யூம் நாப் இருக்க வேண்டும். என் கணக்கில் இது முதல் நிபந்தனை. பாஸ் டிஆர்-2, பெஹ்ரிங்கர் யுடி300 இரண்டிலும் ரேட், வேவ், டெப்த் என்று மூன்றே நாப். மூர் ட்ரெலிகாப்டரிலும் ஸ்பீட், டெப்த், பயாஸ் என்று மூன்றுதான். வூடூ லேப் ட்ரெமலோவில் நாலாவதாக வால்யூம் உண்டு.

டெப்த் பற்றி: காது கீழ்ச்சுரத்தைக் கேட்கும் விதம் வேறு. 1,000 ஹெர்ட்ஸில் 6 டெசிபல் குறைந்தால் 'கொஞ்சம் குறைந்தது' என்று படும். 40, 50 ஹெர்ட்ஸில் அதே 6 டெசிபல் பெரிய சரிவாகப் படும். கிட்டார்காரர் ஒரு மணி, இரண்டு மணி நிலையில் வைக்கும் டெப்த் நாபை பேஸுக்குப் பத்து மணிக்கு மேலே கொண்டு போகத் தேவைப்படாது. அந்தக் கால் சுற்றுக்குள் நாப் நிதானமாக ஏறுகிறதா, தொட்டவுடன் குதிக்கிறதா என்பதைக் கடையில் பாருங்கள். குதிக்கிற பெடல் கிட்டாருக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் உங்களுக்கு ஆகாது.

தாளம் நழுவுவது கணக்குப்படியே நடக்கிறது. பிபிஎம்மை 60-ஆல் வகுத்து, அடிக்கு எத்தனை துடிப்போ அதால் பெருக்கினால் ஹெர்ட்ஸ். 120-க்கு அடிக்கு இரண்டு என்றால் 4 ஹெர்ட்ஸ், மூன்று என்றால் 6, நாலு என்றால் 8. நாபைக் காதால் வைக்கும்போது 1 சதவீதம் பிசகினாலே 25 அடியில் கால் அடி விலகிவிடும். உங்கள் துடிப்பு அரை அடிக்கு ஒன்று, ஆக 12.5 விநாடியில் மேடு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் வந்து உட்கார்ந்திருக்கும். நாலு எண்ணிக்கைப் பாருக்கு அது ஆறு பார். நீங்கள் 'ஐந்தாறு பார்' என்று சொன்னது அதுவேதான்.

ஆக இரண்டாவது தேவைக்கு டேப் டெம்போ கட்டாயம். முதல் தேவைக்கு வேண்டாம்; அங்கே வேகம் தாளத்தோடு ஒட்டாமல் இருப்பதே அழகு. ஒரே பெடலில் இரண்டும் என்றால் எம்ப்ரஸ் ட்ரெமலோ. டேப் சுவிட்ச், அலை வடிவத் தேர்வு, இழந்த சத்தத்தை மீட்கத் தனி நாப் எல்லாம் இருக்கின்றன; சிக்னல் பாதையும் அனலாக். விலை குறைவில்லை. வெட்டு ஒன்றுதான் முக்கியம் என்றால் பாஸ் எஸ்எல்-2 ஸ்லைசரையும் பாருங்கள். அதில் நேர்ச் சிக்னலைக் கலக்கும் பேலன்ஸ் நாப், விளிம்பை மழுக்கும் அட்டாக் நாப் இரண்டும் உண்டு. பேஸுக்கு அந்த இரண்டும் பெரிய உதவி.


ஈயப்புகை

விரல்நுனி சொன்னதோடு சேர்த்து உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

ஆப்டிகல் ட்ரெமலோவில் ஒரு எல்ஈடி அல்லது குட்டி பல்பு, அதன் எதிரே ஒளிக்கு ஏற்ப மின்தடை மாறும் எல்டிஆர். இரண்டையும் வெளிச்சம் புகாமல் மூடியிருப்பார்கள். எல்டிஆர் வெளிச்சத்துக்கு வேகமாக இறங்கும், இருட்டுக்கு மெதுவாக ஏறும். அதனால் சதுர அலை கொடுத்தாலும் வெளியே வரும்போது ஓரம் மழுங்கி இருக்கும். வேகத்தை ஏற்ற ஏற்ற டெப்த் தானாகக் குறைவதும் இதனால்தான். விசிஏ வகையில் இந்தச் சோம்பல் கிடையாது. சொன்ன இடத்தில் கத்தியாக வெட்டும்.

அந்தக் கத்தி கிட்டாருக்கு நல்லது, பேஸுக்கு வம்பு. உங்கள் கீழ் பி 30.9 ஹெர்ட்ஸ், ஒரு அலை முடியவே 32 மில்லி விநாடி ஆகும். 4 ஹெர்ட்ஸ் சதுர அலையில் கதவு திறந்திருப்பது 125 மில்லி விநாடி. அதற்குள் நாலு அலைகூட முழுசாக அடங்காது. எந்த இடத்தில் கதவு மூடினாலும் ஏதோ ஒரு அலையின் நடு வயிற்றில்தான் வெட்டு விழும். அங்கே 'டப்' என்று ஒரு சத்தம் பிறக்கும். உங்கள் கேபினெட்டில் ட்வீட்டர் இருப்பதால் அது இன்னும் துல்லியமாகக் கேட்கும். டிஆர்-2 போன்ற பெடலில் வேவ் நாபை முழுச் சதுரத்துக்குத் தள்ளாமல் மூன்றில் இரண்டு பங்கில் நிறுத்தினால் இந்த டப் பெருமளவு அடங்கும்.

வேகமும் அப்படித்தான். 41 ஹெர்ட்ஸ் ஈ கம்பியை 8 ஹெர்ட்ஸில் ஆட்டினால் பக்கத்தில் 33, 49 என்று இரண்டு புதிய அதிர்வெண்கள் முளைக்கும். 49 ஹெர்ட்ஸ் என்பது அச்சாக ஜி சுரம்; 33 கிட்டத்தட்ட சி. ஒரு சுரம் வாசித்தால் கீழே மூன்று சுரம் சேர்ந்து குழம்புகிறது. 98 ஹெர்ட்ஸ் ஜி கம்பியில் அதே 8 ஹெர்ட்ஸ் சுத்தமாக இருக்கும். கீழ் இரண்டு கம்பியில் 5 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாதீர்கள். வேகம் வேண்டுமென்றால் அந்த வரியை ஒரு ஸ்தாயி மேலே வாசியுங்கள்.

'டிக் டிக்' உங்கள் ஒற்றை அடாப்டர் சரத்தால் இருக்கலாம். பெடலுக்குள் வேகத்தைத் தீர்மானிக்கும் ஆஸிலேட்டர், அதாவது எல்எஃப்ஓ, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு வாய் மின்சாரம் இழுக்கும். அந்த இழுப்பு பொதுவான வயர் வழியாகப் பக்கத்து ஓவர்டிரைவுக்குள் போய்ப் பெரிதாகிறது. சோதனை எளிது: பேட்டரி இடம் உள்ள பெடல் என்றால் ட்ரெமலோவை மட்டும் 9 வோல்ட் பேட்டரியில் போடுங்கள். டிக் போனால் குற்றவாளி சப்ளை. தனித்தனி அவுட்புட் உள்ள ஐசொலேட்டட் சப்ளை வாங்க வேண்டும். பேட்டரியிலும் டிக் இருந்தால் அது பெடலுக்குள்ளேயே.

உள்ளே என்றால், சால்டரிங் தெரிந்தவர்களுக்கு இரண்டு வழி. எல்எஃப்ஓவில் டிஎல்072 இருந்தால் டிஎல்062 போடுங்கள். கால் வரிசை ஒன்றே. சிப்புக்குள் ஒரு ஆப்-ஆம்புக்கு 1.4 மில்லி ஆம்பியர் எடுத்தது 0.2 ஆகக் குறையும், இழுப்பும் அடங்கும். போதவில்லை என்றால் எல்எஃப்ஓவின் பவர் காலுக்குப் போகும் தடத்தை வெட்டி நடுவில் 100 ஓம், அந்தக் காலிலிருந்து கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். எல்எஃப்ஓ நாபுக்குப் போகும் வயர் இன்புட் ஜாக் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தால் முதலில் அதைப் பிரித்து ஓட்டுங்கள். சில சமயம் அதுவே போதும்.

லோ எண்ட் போவதற்கு இன்னொரு காரணம் இன்புட் கெப்பாசிட்டர். 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்குப் பின்னால் 1 மெகாஓம் இருந்தால் வெட்டு 16 ஹெர்ட்ஸில் விழும். கீழ் பி-க்கு ஒரு டெசிபல்தான் நஷ்டம். அதே கெப்பாசிட்டருக்குப் பின்னால் 100 கிலோஓம் இருந்தால் வெட்டு 159 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், பேஸே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 0.1 போட்டால் திரும்ப 16 ஹெர்ட்ஸ். இதைக் கண்டுபிடிக்க சர்க்யூட் படம் வேண்டாம்: டெப்த்தை சுழியத்தில் வைத்துப் பெடலை ஆன், ஆஃப் செய்து கீழ் பி-யை வாசியுங்கள். ஆன் செய்யும்போது உடம்பு மெலிந்தால் கெப்பாசிட்டர் விஷயம். மெலியவில்லை என்றால் பெடல் தப்பில்லை, டெப்த்தான் அதிகம்.

ஆக்டிவ் பேஸ் என்பதால் ஒரு எச்சரிக்கை. 9 வோல்ட்டில் ஓடும் டிஎல்072 வகைச் சிப் உச்சியிலிருந்து பாதம்வரை 6 வோல்ட் அளவுதான் தாங்கும். ஸ்லாப்பில் கம்பியைச் சுண்டி, பெடலிலும் வால்யூமை ஏற்றினால் மேட்டில் மட்டும் கிழியும், பள்ளத்தில் சுத்தமாக இருக்கும். பெடல் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். பேஸ் வால்யூமை இறக்கி ஆம்பில் கூட்டுங்கள். ஹெட்ரூம், அதாவது கிழியாமல் தாங்கும் இடம் வேண்டும் என்று 18 வோல்ட் கொடுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பெடல் மேல் அப்படி எழுதியிருந்தால் மட்டும். உள்ளே 16 வோல்ட் கெப்பாசிட்டர் இருந்தால் வீங்கி வெடிக்கும்.


பின்வரிசை_மிக்ஸர்

இரண்டு பேரும் பெடலையே பார்க்கிறீர்கள். மண்டபத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

தரையில் டைல்ஸ், சுவர் கான்கிரீட், திரைச்சீலை கிடையாது. அப்படிப்பட்ட ஒரு ஹாலில் கீழ்ச்சத்தம் அடங்க இரண்டு விநாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடங்குவது என்பது 60 டெசிபல் இறங்குவது. விநாடிக்கு 30 டெசிபல். 4 ஹெர்ட்ஸ் துடிப்பில் பெடல் கதவை மூடியிருக்கும் நேரம் 125 மில்லி விநாடி. அந்த நேரத்தில் ஹாலில் சத்தம் இறங்குவது 3.75 டெசிபல். 8 ஹெர்ட்ஸ் என்றால் இரண்டு டெசிபல்கூட இல்லை. பெடல் முழுசாக அடைத்தாலும் ஹால் அடைக்க விடாது. மேடையில் ஆம்ப் பக்கத்தில் நிற்பவருக்கு வெட்டு அருமையாகக் கேட்கும்; பத்தாவது வரிசையில் ஒரே மொழுமொழுப்பு, அதுவும் 3 டெசிபல் குறைவாக. வாசிப்பவர் டெப்த்தை இன்னும் கூட்டுவார், நிலைமை இன்னும் கெடும்.

ஹாலில் துடிப்பாகக் காதில் விழுவது 200 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள பகுதிதான். விரல் கம்பியில் படும் சத்தம், மேல் ஹார்மோனிக்ஸ், ஓவர்டிரைவின் கரகரப்பு. அதை மட்டும் ஆட்டுங்கள், அடிச்சத்தத்தை அசையாமல் விடுங்கள். டிரம்ஸ்காரரின் கிக்கோடு பேஸ் பூட்டி நிற்கும், துடிப்பும் கேட்கும். எந்தப் பெடல் என்பதைவிட எப்படிப் பிரிக்கிறோம் என்பதுதான் பேஸில் ட்ரெமலோ.

வழி: பாஸ் எல்எஸ்-2 லைன் செலக்டர், சிக்னலை ஏ, பி என்று இரண்டு லூப்பாகப் பிரித்துத் திரும்பக் கலக்கும் பெடல். மோட் நாப் ஏ+பி மிக்ஸ், பைபாஸ் நிலையில். ஏ செண்டிலிருந்து ஏ ரிட்டர்னுக்கு ஒரு குட்டி பேட்ச் கேபிள். அது நேர்ச் சிக்னல். பி செண்டிலிருந்து ஜிஈபி-7 ஈக்வலைசர், அங்கிருந்து ட்ரெமலோ, அங்கிருந்து பி ரிட்டர்ன். ஈக்வலைசரில் 50, 120 ஹெர்ட்ஸ் ஸ்லைடர்களை அடிமட்டத்துக்கு இறக்குங்கள், மற்றவை நடுவில். ட்ரெமலோவுக்குப் பின்னால் வைத்தாலும் சத்தம் அதேதான். முன்னால் வைத்தால் ஈயப்புகை சொன்ன கிழிசல் தொல்லையும் சேர்ந்து தீரும், கீழ்ச்சுரம்தானே அதிக வோல்ட்டேஜ் கொண்டுவருகிறது.

ஈக்வலைசர் இல்லாமல் கலந்தாலே பாதி வேலை முடியும். நேர்ச் சிக்னல் 1, ட்ரெமலோ சுழியத்துக்கும் 1-க்கும் இடையில் ஆடுகிறது என்றால் கூட்டு 1-க்கும் 2-க்கும் இடையில். எவ்வளவு முறுக்கினாலும் 6 டெசிபலுக்கு மேல் பள்ளம் விழாது. ட்ரெமலோ பக்கத்தை இரண்டு மடங்கு ஏற்றினால் 9.5, பாதியாக இறக்கினால் 3.5.


விரல்நுனி

ஹால் கணக்கு சரி, மறுக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் மூன்று பெடல் வாங்கச் சொல்வது அதிகம். மெதுவான பாட்டுக்கு 2 ஹெர்ட்ஸுக்குக் கீழே வைத்து, சைன் அலையில், 3 முதல் 5 டெசிபல் ஆட்டினால் ஒற்றை ஆப்டிகல் பெடலே போதும். இரண்டாவது பாட்டுக்குத்தான் உங்கள் வழி அவசியம்.


கீழ்பி_கம்பி

எல்லாருக்கும் நன்றி. கம்ப்ரஸரை முன்னால் மாற்றியதில் பத்து மணி டெப்த்திலேயே அசைவு தெரிகிறது. டெப்த் சுழியத்தில் கீழ் பி மெலியவில்லை.

மூன்று சந்தேகம். ஏ+பி கலக்கும்போது பேஸ் சிக்னல் எதிரெதிராகி ஒன்றையொன்று தின்றுவிடாதா? ஹார்மோனிக் ட்ரெமலோ என்று ஒன்று சொல்கிறார்களே, அதுவும் மேலே கீழே பிரித்துத்தானே ஆட்டுகிறது, எல்எஸ்-2 இல்லாமல் அதுவே போதாதா? மல்டி எஃபெக்ட் ஒன்றில் இதெல்லாம் முடியுமா?


ஈயப்புகை

தின்னும், பெடல் ஃபேஸைப் புரட்டினால், அதாவது அலையைத் தலைகீழாக்கினால். சில ட்ரெமலோக்கள் உள்ளே ஒற்றை இன்வர்ட்டிங் ஸ்டேஜோடு முடிந்துவிடும். தனியாக வாசிக்கும்போது எந்த வித்தியாசமும் தெரியாது, நேர்ச் சிக்னலோடு சேர்த்தால்தான் குட்டு வெளியாகும். கணக்கைப் பாருங்கள்: நேர் 1, ட்ரெமலோ புரண்டு வருகிறது. ட்ரெமலோ பள்ளத்தில் இருக்கும்போது கூட்டு 1. மேட்டில் இருக்கும்போது 1 கழித்தல் 1, சுழியம். 6 டெசிபல் மென்மையான அசைவு கேட்க வேண்டிய இடத்தில் முழு வெட்டு, அதுவும் தலைகீழாக.

சோதனை: ஈக்வலைசரை எடுத்துவிட்டு, ட்ரெமலோவை ஆன் செய்து டெப்த்தை சுழியத்தில் வையுங்கள். ஏ லெவல் நடுவில், பி லெவல் சுழியத்தில். கீழ் ஈ-யை விடாமல் பிடித்தபடி பி லெவலைச் சுழியத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். சத்தம் கூடிக்கொண்டே போனால் சரி. குறைந்து, ஒரு இடத்தில் அடிவயிறு காலியாகி, அப்புறம் திரும்ப ஏறினால் புரண்டிருக்கிறது. அப்போது பி லூப்பில் ஃபேஸைப் புரட்டும் இன்னொரு பெடலோ பஃபரோ சேர்க்க வேண்டும், இல்லை வேறு ட்ரெமலோ. வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை இது. எல்எஸ்-2 முதலில், ட்ரெமலோ அப்புறம்.

பி லூப்பில் டிஜிட்டல் பெடல் வைத்தால் இன்னொரு தொல்லை: உள்ளே போய் வருவதற்கு ஒன்றிரண்டு மில்லி விநாடி தாமதம். 250 ஹெர்ட்ஸின் அரை அலை 2 மில்லி விநாடி. அந்த இடத்தில் ஒரு குழி விழும். கீழ்ச்சுரத்துக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் விரல் சத்தம் தகர டப்பா போல் மாறும்.


விரல்நுனி

ஹார்மோனிக் ட்ரெமலோ 1960 வாக்கில் பழுப்பு நிற ஃபெண்டர் ஆம்ப்களில் வந்த சங்கதி. சிக்னலைக் கீழ், மேல் என்று இரண்டாகப் பிரித்து, ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்படி ஆட்டும். கேட்டால் பேஸுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். ஆனால் பிரிக்கும் இடம் கிட்டாருக்காக வைத்தது, சில நூறு ஹெர்ட்ஸ். பேஸில் அடிச்சுரம் முழுக்கக் கீழ்ப் பக்கத்திலேயே விழுந்துவிடும்; மேல் பக்கத்தில் விரல் சத்தம் மட்டும். வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பி என்றால் அதுவும் இல்லை. ஆக கிடைப்பது சாதாரண ட்ரெமலோதான், பள்ளத்தில் மட்டும் லேசாக ஒரு 'ஷ்'. பளபளப்பான புதுக் கம்பியும் ஓவர்டிரைவும் இருந்தால் அழகாக வரும், மறுக்கவில்லை. ஸ்ட்ரைமன் ஃப்ளிண்டில் இந்த வகை உண்டு. அதற்கு 250 மில்லி ஆம்பியர் வேண்டும், உங்கள் ஒற்றைச் சரத்தில் தொங்கவிடாதீர்கள்.

இடையில் ஒன்று: கடைக்காரரிடம் 'வைப்ரேட்டோ' பெடலைக் காட்டினால் பெயரை நம்பாதீர்கள். ஃபெண்டர் 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் சுருதியை ஆட்டும் கம்பிக்கு ட்ரெமலோ என்று பெயர் வைத்தது; பிறகு ஆம்ப்களில் வால்யூமை ஆட்டும் சேனலுக்கு வைப்ரேட்டோ என்று எழுதியது. அந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை. சுருதி மாறுகிறதா, சத்தம் மாறுகிறதா என்று காதால் பாருங்கள்.

மல்டி எஃபெக்ட் என்றால் லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப். பாதையை கிராஸ்ஓவர் ஸ்ப்ளிட்டால் பிரித்து, மேல் பாதையில் மட்டும் ஆப்டிகல் ட்ரெம் வைக்கலாம். பிரிக்கும் இடம் 160 முதல் 200 ஹெர்ட்ஸ். இரண்டு பாதையும் ஒரே பெட்டிக்குள் ஓடுவதால் ஈயப்புகை சொன்ன தாமதக் குழி வராது. மிடி க்ளாக்கும், அதாவது வேறு கருவி அனுப்பும் தாள சிக்னலும் வாங்கும். க்ளிக் ட்ராக்கோடு வாசிக்கிற மேடையில் டேப் டெம்போவைவிட அதுதான் சரி. காலால் தட்டுவதிலும் அந்த 1 சதவீதம் இருக்கிறது. பாட்டு நீளமென்றால் ஒவ்வொரு பல்லவிக்கும் ஒருமுறை திரும்பத் தட்ட வேண்டும்.


பின்வரிசை_மிக்ஸர்

தட்டும்போது கடைசித் தட்டு பாரின் முதல் அடியில் விழட்டும். தட்டின இடத்திலிருந்து அலையைத் திரும்பத் தொடங்கும் பெடல்களில் அங்கேயே மேடு வந்து உட்காரும். வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அலையைத் தன் போக்கில் ஓட விடும் பெடல்களும் உண்டு. அவற்றில் முதல் சுரமே பள்ளத்தில் விழலாம், கிக் தனியாக நிற்கும். கடையில் நாலைந்து முறை தட்டி ஒவ்வொரு முறையும் முதல் துடிப்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள்.


கீழ்பி_கம்பி

தெளிவாகிவிட்டது. ஐசொலேட்டட் சப்ளை, எல்எஸ்-2, ஜிஈபி-7, டேப் டெம்போ உள்ள அனலாக் ட்ரெமலோ. எல்எஸ்-2 எப்போதும் ஆன். தேவைப்படும்போது காலால் ட்ரெமலோவை ஆன், ஆஃப் செய்துகொள்கிறேன். சரிதானே?


பின்வரிசை_மிக்ஸர்

தலைகீழ். ட்ரெமலோவை அணைத்தால் பி லூப் அடைபடாது, ஆடாத முழுச் சிக்னல் அதன் வழியாகப் போகும். நேர்ச் சிக்னலோடு சேர்ந்து நடுப்பகுதியும் மேல்பகுதியும் 6 டெசிபல் ஏறி நிற்கும். ஓவர்டிரைவும் ஆனில் இருந்தால் பாடகர் திரும்பிப் பார்ப்பார். ட்ரெமலோ எப்போதும் ஆன், காலால் மாற்றுவது எல்எஸ்-2. பைபாஸில் இருக்கும்போதும் உள்ளே அலை ஓடிக்கொண்டே இருக்கும், ஆகவே முந்தைய வரியிலேயே வேகத்தைத் தட்டி வைத்துவிட்டு, பல்லவியின் முதல் அடியில் எல்எஸ்-2-வை மிதியுங்கள். பைபாஸுக்கும் கலவைக்கும் சத்தம் சமமாகும்வரை முதலில் ஏ, பி இரண்டு லெவலையும் சேர்த்தே இறக்குங்கள். பி-யை மட்டும் தொட்டால் டெப்த் மாறிவிடும்.